முதல் மதிப்புரை எழுதப் போகிறீர்களா? கையில் பென்சிலோடு உட்காருங்கள்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாவலை எடுப்பார், பின்னட்டையைப் படிப்பார், விலையைப் பார்ப்பார், வைத்துவிடுவார். நாலு கடை தள்ளிப் போய்விட்டு மறுபடி வந்து அதே நாவலைக் கையில் எடுப்பார். 'நான் படித்தேன், இப்படி இருக்கிறது' என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஓர் ஆள் தேவை. பின்னட்டையில் இருப்பது பதிப்பகம் எழுதியது. அணிந்துரை, ஆசிரியர் கேட்டு வாங்கியது. இரண்டுமே புத்தகத்தின் பக்கம் நிற்பவை. வாங்கப் போகிறவர் பக்கம் நிற்க வேண்டியவர் மதிப்புரை எழுதுகிறவர்தான்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். என் முதல் மதிப்புரை நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு. பாதிக் கதைகளைப் படித்துவிட்டு 'மண்வாசனை வீசும் எழுத்து, தவறவிடக் கூடாத நூல்' என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி வாங்கிய பெரியவர் ஒருவர் கூட்டமொன்றில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்த ஏழாவது கதை உங்களுக்கு எப்படிப் பிடிச்சது?" என்றார். நான் அதைப் படித்திருக்கவே இல்லை. அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தக் கதையைத் திறந்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கிற முறைதான் கீழே இருப்பது.

படி 1: எதை எழுதப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

நூல் அறிமுகம் என்றால் புத்தகம் எதைப் பற்றியது என்று சொன்னால் போதும். மதிப்புரை என்றால் அது தேறியதா, எங்கே தேறியது, எங்கே தேறவில்லை என்றும் சொல்ல வேண்டும். திறனாய்வு இன்னும் ஆழமானது. ஓர் ஆசிரியரின் மொத்த எழுத்தையோ ஒரு காலகட்டத்தையோ எடுத்து, அந்த எழுத்து எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது. புதிதாக எழுதுகிறவர்கள் நடுவில் உள்ளதில் ஆரம்பிக்கலாம்.

முதல் முறை நண்பர் புத்தகம் வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் 'இவர் என் நண்பர்' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை சும்மா படியுங்கள். எங்கே புத்தகத்தை மூடி வைத்தீர்கள், எங்கே தூக்கம் மறந்து பக்கம் புரட்டினீர்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை பென்சிலோடு. பிடித்த வரி, உறுத்திய வரி, புரியாத வரி, மூன்றுக்கும் மூன்று அடையாளம். நூலகப் புத்தகம் என்றால் கோடு போடாதீர்கள், துண்டுத் தாளில் பக்க எண்ணைக் குறித்து உள்ளே செருகுங்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்தால் அந்த ஆசிரியரின் மற்ற புத்தகங்களையும் தேடிப் புரட்டலாம். பழைய கதையையே ஆள் பெயர் மாற்றி எழுதியிருக்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 3: பத்துக் குற்றம், பத்து அழகு

புத்தகத்தை எடைபோட வெளியிலிருந்து எந்த அளவுகோலும் கொண்டுவர வேண்டாம். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் எல்லாம் அதில் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். ஒரு நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். கடைசி ஐம்பது பக்கம் சவசவ என்று போனால் அது சென்று தேய்ந்து இறுதல். கதையை விட்டுவிட்டு ஊர் வரலாறு பேசினால் மற்றொன்று விரித்தல். உங்களுக்கு ஏன் சலித்தது என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிடும்.

நன்னூல் சொல்லும் பத்து அழகில் ஒன்று 'உலகம் மலையாமை'. உலக வழக்கோடு முரண்படாமல் இருப்பது. ஓர் உதாரணம் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் நடக்கிற கதை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பெண் உச்சி வெயிலில் தோட்டத்தில் இறங்கி, விரிந்த மல்லிகையைப் பறித்து மடியில் கட்டுகிறாள். நம் பக்கம் பூத்தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இது உடனே உறுத்தும். மல்லிகையை விடியும்போதே, மொக்காக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். விரிந்துவிட்டால் சந்தையில் விலை போகாது.

இப்போது நீங்கள் எழுதப் போகும் வாக்கியம் எது? 'ஆசிரியருக்குக் கிராம வாழ்க்கை தெரியவில்லை' என்று எழுதாதீர்கள், அது ஆளைத் திட்டுவது. 'இந்தப் பக்கத்தில் பகலில் மல்லிகை பறிக்கிறார்கள், பூந்தோட்டங்களில் விடியலில் மொக்காகத்தான் பறிப்பது வழக்கம்' என்று எழுதுங்கள். வாசகரே முடிவு செய்துகொள்வார்.

அப்புறம் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிழை கதையைச் சாய்க்கிறதா? அவள் வேறு ஏதோ வேலையாகப் போகிறாள், வழியில் பூ வருகிறது என்றால் ஒரு வரி போதும், சொல்லாமலும் விடலாம். அவள் பிழைப்பே பூ என்றால், அதுதான் உங்கள் மதிப்புரையின் நடுப் பத்தி.

நக்கீரர் கதையில் நெற்றிக்கண் வசனம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பாட்டு மோசம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லில் குற்றமில்லை, பொருளில்தான் குற்றம் என்று பிரித்தார். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற ஒரே இடத்தில் விரலை வைத்தார். எதிரில் நின்றது யாராக இருந்தாலும் விரலை எடுக்கவில்லை. மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் இல்லை.

படி 4: எழுதும் வரிசை

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றை மேலே போட்டுவிடுங்கள். கதைச் சுருக்கம் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம், முடிவைச் சொல்லவே வேண்டாம். அடுத்து, புத்தகத்திலிருந்தே ஒரு வரியைப் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுங்கள். 'அருமையான நடை' என்று நீங்கள் பத்துத் தடவை சொன்னாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு வரியில் வரும். குறையையும் அப்படியே வரியோடு காட்டுங்கள். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தால் அதை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள், மெய்ப்புப் பார்த்ததில் குறை என்று தனியாகச் சொல்லுங்கள்.

படி 5: ஓர் இரவு ஆறப் போடுங்கள்

காலையில் வாய்விட்டுப் படியுங்கள். 'மண்வாசனை', 'உயிரோட்டம்', 'காலத்தின் கண்ணாடி' மாதிரி எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற சொல் வந்தால் அடித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ் வத்தலகுண்டு வழியாகப் போகும். எழுத்தாளரும் விமர்சகருமான சி.சு. செல்லப்பாவின் ஊர் அது. 1959இல் விமர்சனத்துக்கென்றே 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போகாமல் பிரதியை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிற வழக்கத்தைத் தமிழில் வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பொறுமைதான் இந்தப் படியில் வேண்டும்.

படி 6: வெளியான பிறகு

ஆசிரியர் போன் செய்து கோபப்படலாம். பதற வேண்டாம், பக்க எண்ணைச் சொல்லுங்கள். நீங்கள் படித்ததுதான் தப்பு என்று அவர் காட்டினால், சரி என்று ஒப்புக்கொண்டு திருத்தம் எழுதுங்கள். அதிலும் பக்க எண்ணைப் போடுங்கள்.