காலேஜ் மாறும்போது மறுபடி எஸ்ஏடி எழுதணுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது ரொம்பப் பேர் போகிற வழி. நானும் கலிஃபோர்னியாவில் அப்படி வந்தவன்தான். இப்போது தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். எங்கள் செட் சொதப்பிய அதே இடங்களில் இவர்களும் சொதப்புவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசி நாளைத் தவறவிடுவது, டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப மறப்பது மாதிரியானவற்றைச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

யாரும் கேட்காத மார்க்குக்காகப் பாடத்தை விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் எதுவும் சேர்க்கைக்கு எஸ்ஏடி, ஏசிடி என்கிற நுழைவுத் தேர்வுகளின் மார்க்கைப் பார்ப்பதில்லை. பள்ளியிலிருந்து நேரே வருகிறவர்களுக்கே அப்படித்தான். அந்த மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட்டும் 2022 மார்ச்சில் கைவிட்டுவிட்டது. மூன்றாம் வருஷத்தில் சேர வருகிறவரிடம் அவர்கள் பார்ப்பது 60 செமஸ்டர் யூனிட் (சில இடங்களில் கிரெடிட் என்பார்கள்), ஜிபிஏ என்கிற கிரேடு சராசரி, மேஜருக்கு, அதாவது எடுக்கப்போகிற முக்கியப் பாடப்பிரிவுக்குத் தேவையான பாடங்கள். நம் ஊரில் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேருகிற பையனுக்கு டிப்ளமோ மார்க்தானே பேசுகிறது? அதே கணக்கு.

ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் "எதுக்கும் எழுதி வச்சுக்கோப்பா, இருந்தா நல்லதுதானே" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அதைச் சொன்னது அவன் அப்பா. இன்ஜினியரிங்குக்கு மாற வேண்டியவன். இரண்டாம் வருஷம் ஃபால் செமஸ்டரில் மல்டிவேரியபிள் கால்குலஸை டிராப் பண்ணிவிட்டு எஸ்ஏடிக்கு உட்கார்ந்தான். மார்க் நன்றாகத்தான் வந்தது. அதை வைத்து என்ன செய்ய? டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தைப் பாதியில் விட்டதற்கான ஒரு டபிள்யூ ஏறியது. ஜனவரியில் யூசி கேட்கிற அப்டேட்டில் ஃபால் கிரேடுகளையும் ஸ்பிரிங்கில் எடுக்கப்போகும் பாடங்களையும் போட வேண்டும். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. அவன் காலேஜில் மல்டிவேரியபிள் முடிக்காமல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் எடுக்க முடியாது. இரண்டையும் ஸ்பிரிங் முடிவதற்குள் முடித்திருக்க வேண்டும். இருந்ததோ ஒரே செமஸ்டர். கடைசியில் அதே காலேஜில் இன்னொரு வருஷம் இருந்தான். "நல்லதுதானே" என்றவர்தான் அந்த வருஷத்து வாடகையையும் கட்டினார்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் இன்னும் மோசம். ஒரு பாடத்தை டிராப் பண்ணி 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலைமைக்கே சிக்கல். இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்காமல் எதையும் டிராப் பண்ணாதீர்கள்.

எஸ்ஏடி புத்தகத்தை வாங்குவதற்கு முன் அசிஸ்ட் தளத்தைத் திறங்கள். உங்கள் காலேஜில் எந்தப் பாடம் யூசியில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று மேஜர் வாரியாக அதில் இருக்கிறது. கணக்கு, பிசிக்ஸ் வரிசையை முதல் செமஸ்டரிலேயே அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டால், நடுவில் எதையும் விட மனசு வராது.

கலிஃபோர்னியா பதிலை எல்லா மாநிலத்துக்கும் போடுவது

ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 60 கிரெடிட்டுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு மாறினால், ஃபிரெஷ்மன், அதாவது பள்ளியிலிருந்து நேரே முதல் வருஷம் சேருகிறவர்களுக்கான விதிகள் உங்களுக்கும் உண்டு. டெஸ்ட் மார்க் கேட்பார்கள். 60 முடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எம்ஐடி மாறி வருகிறவர்களிடமும் மார்க் கேட்கிறது. வேறு பல இடங்களில் ஒரு வருஷப் படிப்பு, அதாவது சுமார் 30 கிரெடிட், முடித்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

ஃபிரெஷ்மன் பக்கத்தைப் படித்துவிட்டுப் பதறுவது

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் எஸ்ஏடியை மறுபடி கட்டாயமாக்கியதாக 2024 மார்ச்சில் செய்தி வந்தது. அது பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு. டிரான்ஸ்ஃபருக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, அதைப் படியுங்கள்.

பழைய மார்க் செல்லாது என்று நினைப்பது

மார்க் கேட்கிற இடங்களிலும் பெரும்பாலும் பள்ளியில் எழுதியதே போதும். எஸ்ஏடி நடத்துகிற காலேஜ் போர்டிலிருந்து அனுப்பச் சொன்னால் ஆயிற்று. பள்ளி முடித்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தால் மார்க் ஆவணக் கிடங்குக்குப் போயிருக்கும். எடுத்து அனுப்பத் தனிக் கட்டணம் உண்டு, நாளும் ஆகும். கடைசி வாரத்தில் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பள்ளியிலேயே கிரெடிட் எடுத்துவிட்டு "நான் டிரான்ஸ்ஃபர்" என்பது

இல்லை, யூசி கணக்கில் நீங்கள் ஃபிரெஷ்மன்தான்.

டோஃபலையும் இதில் சேர்த்துக் குழப்புவது

அது வேறு, ஆங்கிலத் திறனுக்கான தேர்வு. டோஃபல் மார்க்குக்கு ஆயுள் இரண்டே வருஷம், அதனால் சிலர் அதை மறுபடி எழுதத்தான் வேண்டியிருக்கும். ஆனால் காலேஜில் இங்கிலீஷ் காம்போசிஷன் பாடங்களை நல்ல கிரேடில் முடித்திருந்தால் பல பல்கலைக்கழகங்கள் அதையே ஏற்றுக்கொள்ளும். பணம் கட்டுவதற்கு முன்னால் அட்மிஷன்ஸ் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்கும்போது இதுவரை முடித்த கிரெடிட் எவ்வளவு, சேருகிற நாளில் எவ்வளவு இருக்கும் என்று இரண்டையும் எழுதுங்கள். அது இல்லாமல் கேட்டால் வெப்சைட் லிங்கைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.