கசிவை அடைக்கும் முன் அடைப்பை எடுங்கள்

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, இணைப்பிலும் கசிகிறதா? பசை பூச அவசரப்பட வேண்டாம். முதலில் அடைப்பை எடுத்துவிட்டு, இணைப்பைத் துடைத்து, உலர்ந்த டிஷ்யூ பேப்பரை அதன் மேல் சுற்றி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் பெரும்பாலும் பசைக்கே வேலை இல்லை.

கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் சரிவில் தானாக ஓடுகிறது; குழாய் நிரம்பி ஓடுவதில்லை. அடைப்பு வந்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். ஒரு மீட்டர் உயரம் தேங்கினாலே சுமார் 0.1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வரும், லேசாகத் தளர்ந்த இணைப்பு கசிய அது போதும். தவிர, ஈரமான, அழுக்குப் பிடித்த இடத்தில் பசை சரியாக ஒட்டாது.

அடைப்பெடுக்க நீளமான ஸ்பிரிங் கம்பி நல்லது. ஆசிட் வேண்டாம், கசிகிற இடத்தில் அது உங்கள் கையில்தான் சொட்டும்.

குழாயே விரிசல் விட்டிருந்தால் இது உதவாது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். கழிப்பறை, குளியலறை, சமையலறை எல்லாம் ஒரே நேரத்தில் தேங்கினால் அடைப்பு பிரதான குழாயில் இருக்கும். அதற்கு ஆள் கூப்பிடுங்கள்.