சீலிங் சொட்டுதுன்னு உடனே மேல் வீட்டு கதவைத் தட்டாதீங்க

மழை ஆரம்பிச்சு பத்து நாள்கூட ஆகாது, பாத்ரூம் சீலிங்ல ஒரு பழுப்பு வட்டம் வரும், நம்மாளு நேரா மாடி ஏறிப் போய் சண்டை போட்டுட்டு வந்துடுவார். மும்பை செம்பூர்ல எங்க பில்டிங்ல நானும் இதையேதான் செஞ்சேன். மேல் வீட்டு மாமி பாவம், ஆள் கூப்பிட்டு டைல்ஸ் சந்தெல்லாம் அடைச்சாங்க, அப்பறம் பாத்தா டக்ட்ல, அதான் பைப்பெல்லாம் இறங்கற சந்துல, போற பொது பைப்ல ஜாயின்ட் விட்டிருந்துது. இன்னிக்கு வரைக்கும் லிஃப்ட்ல மாமி முகம் கொடுத்து பேசறதில்ல.

பெரிய தப்பு அதான், எந்தத் தண்ணின்னு தெரியாமலே யார் தப்புன்னு முடிவு பண்றது. மழைல மட்டும் ஈரமாகி அப்பறம் காய்ஞ்சுட்டா பெரும்பாலும் வெளிச்சுவர், இல்லன்னா டெரஸ். வருஷம் பூரா இருந்தா பைப்போ பாத்ரூமோ. மேல குளிச்ச கொஞ்ச நேரத்துல சொட்டு அதிகமாச்சுன்னா நஹானி ட்ராப்பையும் (பாத்ரூம் தரைல தண்ணி வடியற குழி) கழிவு பைப்பையும் பாக்கணும், ராத்திரி பகல் ஒரே மாதிரி சொட்டினா தண்ணி வர்ற பைப். மேல் வீட்டுக்காரங்க மே மாசம் எப்படியும் ஊருக்குப் போவாங்க இல்ல, மெயின் வால்வை மூடிட்டுப் போகச் சொல்லுங்க, பத்து நாள் கழிச்சும் சொட்டு நிக்கலைன்னா பொது பைப் மேலதான் சந்தேகப்படணும். இல்லன்னா ட்ராப்பை அடைச்சுட்டு கலர் கரைச்ச தண்ணிய ஒரு நாள் தேக்கி வச்சா கீழ தெரிஞ்சுடும்.

காசு யார் குடுக்கறதுங்கறது இதுக்கப்பறம்தான். மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டி (ஃப்ளாட்காரங்க சேர்ந்து நடத்தற சங்கம்) மாடல் பை-லா, அதான் மாதிரி விதிகள் படி டெரஸ் வழியா மழைத்தண்ணி இறங்கி மேல்மாடி சீலிங் கெட்டுப்போனா சொசைட்டி செலவு, வெளிச்சுவர் ஒழுகல், பொது தண்ணி பைப், டிரெயினேஜ் பைப் இதுவும் சொசைட்டிதான். டாய்லெட், சிங்க் மாதிரி வீட்டுக்குள்ள வர்ற ஒழுகல் சம்பந்தப்பட்ட ஃப்ளாட்காரங்க செலவு. மேல்மாடிக்காரங்க நிறைய பேர் இது தெரியாம தன் காசுல டெரஸ்ல வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிட்டு முழிக்கறாங்க.

இன்னொரு தப்பு, எல்லாத்தையும் வாய்லயே சொல்றது. வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டா நாலு பேர் கைகூப்பற ஸ்மைலி போடுவாங்க, அவ்ளோதான். சொசைட்டிக்கு லெட்டர் எழுதி தேதியோட கொடுத்து, நீங்க வச்சுக்கற காப்பில கையெழுத்து வாங்கிக்கோங்க, ஏன்னா செக்ரட்டரி மாறுவார், பேப்பர் மாறாது. அப்பவும் நடக்கலைன்னா 1960 மகாராஷ்டிரா கோஆபரேடிவ் சொசைட்டீஸ் சட்டத்துல பிரிவு 91 படி கோஆபரேடிவ் கோர்ட் இருக்கு, ஆனா ரொம்ப இழுக்கும், அதுனால பேசித் தீர்க்கப் பாருங்க. கோவத்துல மெயின்டனன்ஸ் கட்டறத நிறுத்தறது மட்டும் வேண்டாம், ஒழுகல் அப்படியே இருக்கும், நீங்க டிஃபால்டர், அதான் பாக்கி வச்சவர், ஆயிடுவீங்க.

புது பில்டிங்னா கதையே வேற. வீட்டை கைல வாங்கின (பொசெஷன்) தேதிலேர்ந்து 5 வருஷத்துக்குள்ள கட்டட வேலைல குறை தெரிஞ்சா, நீங்க சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் இலவசமா சரி பண்ணணும்னு 2016 ரேரா சட்டம், அதான் ரியல் எஸ்டேட் சட்டம், சொல்லுது. நிறைய பேர் நாலு வருஷம் தாமிரபரணி மாதிரி ஒழுக விட்டுட்டு ஆறாவது வருஷம் போய் நிப்பாங்க.

இன்சூரன்ஸ் இருந்தா போதும்னு நினைக்கறதும் தப்புதான். வெள்ளம், திடீர்னு பைப் வெடிக்கறது, டேங்க் வழியறது இதெல்லாம் பொதுவா கவர் ஆகும், மாசக்கணக்கா ஊறின ஓதத்த தேய்மானம்னு சொல்லி தள்ளிடுவாங்க. துடைச்சு சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

கடைசியா பெயிண்ட். கணபதி வரப்போறார்னு ஈரச் சுவர்ல புட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா, தீபாவளிக்குள்ள உப்பு பூத்து தோல் தோலா உரிஞ்சு வரும். ஒழுகல நிறுத்தி, காய விட்டு, அப்பறம் அடிங்க. ஒழுகற இடத்துக்கிட்ட லைட் பாயின்ட் இருந்தா அது வரைக்கும் அந்த லைன் எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கற சுவிட்ச்) ஆஃப்ல வைங்க.