ஒரு மாநிலத்தில் ஓபியாய்டு மரணங்களையும் சிகிச்சையையும் எண்ணுவது எப்படி

அமெரிக்க மாநிலம் ஒன்றில் போன ஆண்டு ஓபியாய்டால், அதாவது அபின், ஹெராயின், ஃபென்டானில் போன்ற பொருட்களால், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாநிலச் சுகாதாரத் துறை ஓர் எண்ணைச் சொல்லும், சிடிசி எனப்படும் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் வேறோர் எண்ணைச் சொல்லும். இரண்டும் பொய்யல்ல. யாரை எண்ணினார்கள், எந்தத் தேதி வரை வந்த சான்றிதழ்களை எடுத்தார்கள், எந்தக் குறியீடுகளைச் சேர்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சிகிச்சைக் கணக்கு கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே பல சமயம் ஆட்களை எண்ணுவதே இல்லை. படுக்கையில் சேர்த்த தடவைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

இரண்டு கணக்கும் தனித்தனி அலுவலகத்தில் கிடக்கும்வரை, இறந்தவர் எந்த இடத்தில் கைநழுவிப் போனார் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் இரண்டையும் இணைத்தால்தான் தெரியும். மாசசூசெட்ஸ் 2015-இல் 'அத்தியாயம் 55' என்ற சட்டத்தை இயற்றி இதைச் செய்தது. பின்னர் அதுவே பொதுச் சுகாதாரத் தரவுக் கிடங்காக வளர்ந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த மாநிலத்தை வைத்துத்தான்.

முதலில் அரைப் பக்க வரையறை

கணினியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதிலை எழுதி, எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி வையுங்கள். மாநிலத்தில் குடியிருந்தவர்களை எண்ணப் போகிறோமா, மாநில எல்லைக்குள் இறந்தவர்களையா? தற்கொலையும் சேருமா? எந்தெந்த மருந்துகள்?

நியூ ஹாம்ப்ஷயரில் குடியிருப்பவர் பாஸ்டனில் இறந்தால், குடியிருப்புக் கணக்கில் அவர் அந்த மாநிலத்துக்குப் போவார். நிகழ்விடக் கணக்கில் மாசசூசெட்ஸில் நிற்பார். மக்கள்தொகையால் வகுத்து விகிதம் காண்பதென்றால் குடியிருப்பை எடுங்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிறுத்துவது, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்தை எங்கே வைப்பது என்று திட்டமிடுவதென்றால் நிகழ்விடம். சுடார்ஸ் என்ற மத்திய விரிவான பதிவு முறை, மாநிலத்துக்குள் நிகழ்ந்த, தற்செயலான அல்லது நோக்கம் தீர்மானிக்கப்படாத மரணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதை உங்கள் குடியிருப்புக் கணக்கோடு ஒப்பிட்டால் எண்கள் பொருந்தவே பொருந்தாது.

இனிக் குறியீடுகள். நோய்களையும் மரணக் காரணங்களையும் குறிக்கும் உலகப் பட்டியலான ஐசிடி-10-இன் குறியீடுகளை இறப்புக் கோப்பில் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். அடிப்படைக் காரணம் எக்ஸ்40 முதல் எக்ஸ்44 வரை (தற்செயல்), எக்ஸ்60 முதல் எக்ஸ்64 வரை (தற்கொலை), எக்ஸ்85 (கொலை), ஒய்10 முதல் ஒய்14 வரை (நோக்கம் தெரியவில்லை) என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது மருந்தோ போதைப்பொருளோ விஷமேறிய மரணம். அதில் ஓபியாய்டு உண்டா என்பதைப் பங்களித்த காரணங்களின் பட்டியலில் தேடுங்கள்: டி40.0 (இங்கே 'டி' என்பது ஆங்கில T எழுத்து) அபின், டி40.1 ஹெராயின், டி40.2 மார்ஃபின், ஆக்ஸிகோடோன் வகை, டி40.3 மெதடோன், டி40.4 ஃபென்டானில், டிரமடால் போன்ற செயற்கை ஓபியாய்டுகள், டி40.6 வகை குறிப்பிடாதவை. இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஒரு சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்ப்போம். காரணம் என்ற வரியில், 'ஃபென்டானில், கோகெய்ன் இரண்டும் சேர்ந்து ஏற்படுத்திய கடும் விஷமேற்றம்'. மரண முறை: விபத்து. குறியிடுபவர் அடிப்படைக் காரணத்துக்கு எக்ஸ்42 போடுவார், உடன் டி40.4, டி40.5. இறந்தவர் ஒருவர்தான். ஆனால் செயற்கை ஓபியாய்டு வரிசையிலும் கோகெய்ன் வரிசையிலும் அவர் வருவார். அதனால் மருந்துவாரி எண்களைக் கூட்டி மொத்தம் போடாதீர்கள். அதே மரணத்துக்குச் சட்ட மருத்துவர் 'மருந்து அளவு மீறியது' என்று மட்டும் எழுதியிருந்தால் குறியீடு டி50.9 ஆகிவிடும், ஓபியாய்டுக் கணக்கில் அவர் இருக்கவே மாட்டார். மாசசூசெட்ஸில் சட்ட மருத்துவ அலுவலகம் மாநிலம் முழுமைக்கும் ஒன்று. பென்சில்வேனியா போன்ற இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், கரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி மாறுகிறார், எழுதும் வழக்கமும் மாறுகிறது. ஆகவே டி50.9-இன் பங்கு எவ்வளவு என்று கவுண்டி வாரியாக எடுத்துப் பாருங்கள். ஒரு கவுண்டியில் மட்டும் அது உயர்ந்திருந்தால், 'இங்கே ஓபியாய்டு மரணம் குறைவு' என்ற முடிவுக்குப் போகாதீர்கள்.

டி40.4-ஐ ஃபென்டானில் என்று எழுதுவது எல்லோரும் செய்யும் பிழை. டிரமடாலும் அதே குறியீட்டில்தான் இருக்கிறது. ஃபென்டானிலைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் சான்றிதழின் எழுத்து வாசகத்தையே தேட வேண்டும். எழுத்துப் பிழைகளின் பட்டியல் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் உடலுக்குள் சில நிமிடங்களில் உருமாறி, கடைசியில் மார்ஃபினாக நிற்கும். ஹெராயினுக்கே உரிய 6-மோனோஅசிடைல்மார்ஃபினை ஆய்வகம் தேடவில்லையென்றால், தெருவில் வாங்கிய ஹெராயினால் இறந்தவர் சான்றிதழில் 'மார்ஃபின்' ஆகி டி40.2-க்குப் போய்விடுவார், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையால் இறந்தவரைப்போல. ஆய்வகம் எந்தெந்தப் பொருளைத் தேடுகிறது, எந்தத் தேதியில் பட்டியலை மாற்றியது என்று எழுதி வாங்கி வையுங்கள். மிக வீரியமான செயற்கை ஓபியாய்டுகளான கார்ஃபென்டானிலும் நைட்டசீன்களும் வழக்கமான சோதனையில் தட்டுப்படாமலே போகலாம். சோதனை மாறிய மாதத்தில் எண் எகிறுவதைப் புதிய கொள்ளைநோய் என்று வாசித்துவிடக் கூடாது.

தாமதம்

ஒருவர் இறந்த நாளில் காரணம் தெரிந்துவிடாது. ரத்த ஆய்வு முடிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை சான்றிதழ் 'நிலுவை' என்று நிற்கும், குறியீடு ஆர்99. இதனால் கடைசி மாதங்களின் எண் எப்போதும் குறைவாகத் தெரியும். இந்தச் சரிவைக் காட்டி 'மரணம் குறைந்துவிட்டது' என்று செய்தி வெளியிட்ட பின் திருத்துவது மிகவும் கடினம். சிடிசி தன் தற்காலிக எண்ணை நான்கு மாதம் பொறுத்து, 12 மாத மொத்தமாகத்தான் வெளியிடுகிறது. வந்துசேராததை மதிப்பிட்டு ஈடுசெய்த எண்ணையும் பக்கத்தில் தருகிறது. மாசசூசெட்ஸ் உறுதியானவை, மதிப்பிட்டவை என்று பிரித்துக் காட்டிவந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மாதந்தோறும் ஒரே தேதியில் இறப்புக் கோப்பின் நகலை எடுத்து, தேதியிட்டுப் பூட்டி வையுங்கள். ஓராண்டு சேர்ந்ததும், மூன்றாம் மாதம் தெரிந்த எண் பன்னிரண்டாம் மாதத்தில் எத்தனை விழுக்காடு வளர்ந்தது என்று உங்கள் மாநிலத்துக்கே உரிய கணக்கு கிடைக்கும். இந்த ஆண்டின் மூன்றாம் மாத நிலையைப் போன ஆண்டின் மூன்றாம் மாத நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். வெளிமாநிலத்தில் இறந்த உங்கள் குடிமக்களின் சான்றிதழ்கள் இன்னும் தாமதமாக வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உயிர் தப்பியவர்கள்

அளவு மீறி எடுத்தும் உயிர் தப்பியவர்களை மருத்துவமனைக் கோப்புகளில் தேட வேண்டும். அங்கே இருப்பது ஐசிடி-10-இன் மருத்துவப் பதிப்பு. 2020 அக்டோபர் முதல் ஃபென்டானிலுக்கு அதில் தனிக் குறியீடு உண்டு: டி40.41. ஆறாம் எழுத்து 5 (பக்கவிளைவு) அல்லது 6 (குறைவாக எடுத்தது) என்று இருந்தால் விலக்குங்கள். ஏழாம் எழுத்து 'ஏ' இருப்பவற்றை மட்டும் எடுங்கள், இல்லையேல் ஒரே சம்பவம் மறுவருகையிலும் எண்ணப்படும். ஆம்புலன்ஸ் பதிவில் 'நலாக்சோன் கொடுத்தோம்' என்பதை அளவுமீறலாக எண்ணாதீர்கள். மயங்கிக் கிடப்பவருக்குக் காரணம் தெரியாமலே கொடுப்பதுண்டு.

சிகிச்சை: எண்ண வேண்டியது நாட்களை

'இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பேருக்குச் சிகிச்சை' என்ற வரி பெரும்பாலும் தவறாகவே எழுதப்படுகிறது. மாநிலங்கள் மத்திய அரசுக்கு அனுப்பும் டெட்ஸ் கோப்பில் ஒரு வரி என்பது ஒரு சேர்க்கை. ஓராண்டில் ஐந்து முறை போதைநீக்கப் படுக்கைக்குப் போனவர் ஐந்து வரி. போதைநீக்கம் முடித்து, தொடர் மருந்து இல்லாமல் வெளியே வருபவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை எடுத்தால் உயிர் போகும். நீங்கள் 'சிகிச்சை' என்று கூட்டும் அந்த ஐந்து வரிகள் உண்மையில் ஐந்து ஆபத்துகள். எனவே போதைநீக்கத்தைத் தனி வரிசையிலும், மெதடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மருந்துச் சிகிச்சையை வேறு வரிசையிலும் வையுங்கள்.

மூன்று மருந்துக்கும் மூன்று மூலங்கள். புப்ரெனார்ஃபின் மருந்துக்கடை வழியாகப் போவதால் மாநில மருந்துச்சீட்டுக் கண்காணிப்புப் பதிவில் இருக்கும். மாசசூசெட்ஸில் அதன் பெயர் மாஸ்பேட். அதிலிருந்து வலிக்குத் தரும் புப்ரெனார்ஃபின் ஒட்டுப்பட்டைகளைக் கழித்துவிடுங்கள். அடிமைநோய்க்கான மெதடோன், மத்திய அரசின் சான்று பெற்ற நிலையங்களில் மட்டும் கிடைப்பது. வழக்கமாக அந்தப் பதிவுக்கு வராது. அங்கே மெதடோன் என்று தெரிவது வலிக்காகக் கொடுத்த மாத்திரை. நிலையங்களின் கணக்கை மாநில உரிம அலுவலகத்திலோ காப்பீட்டுக் கோரிக்கைகளிலோ தேட வேண்டும். நால்ட்ரெக்ஸோன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து அல்ல என்பதால் அதற்குக் காப்பீட்டுக் கோரிக்கைதான் வழி. 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டம், புப்ரெனார்ஃபின் எழுத மருத்துவருக்கு இருந்த தனி அனுமதி முறையை நீக்கிவிட்டது. அதனால் 'அனுமதி பெற்ற மருத்துவர்கள்' என்ற பழைய அளவுகோல் இப்போது செல்லாது. உண்மையில் எழுதியவர்களை எண்ணுங்கள்.

பயன் தரும் அளவுகோல், தொடர்ச்சி. பரவலாகக் கையாளப்படும் வரையறை: குறைந்தது 180 நாள், இடையில் ஏழு நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி 28 நாளுக்கான மருந்து வாங்குகிறார். மார்ச் 28 வரை கையில் இருக்கும். அடுத்து வாங்கியது ஏப்ரல் 9. இடைவெளி மார்ச் 29 முதல் ஏப்ரல் 8 வரை, 11 நாள். தொடர்ச்சி முறிந்தது. அவரே மார்ச் 25-இல் வாங்கியிருந்தால் மீந்த நான்கு நாளை அடுத்த கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தச் சேர்ப்பை விட்டுவிட்டால், முன்கூட்டியே வந்து வாங்கும் ஒழுங்கான நோயாளிகள்தான் முறித்தவர்களாகத் தெரிவார்கள். மாத ஊசிக்கு நாட்கணக்கு '1' என்று பதிவாகியிருக்கக்கூடும். அதை ஊசியின் காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை தேவைப்படுபவர் மொத்தம் எத்தனை என்பது வகுக்கும் எண். வீட்டுக் கணக்கெடுப்பை நம்பினால் மிகக் குறைவாக வரும். தெருவிலும் சிறையிலும் இருப்பவர் அதில் அகப்படமாட்டார். மாசசூசெட்ஸில் பல கோப்புகளில் ஒரே ஆள் எத்தனை முறை தட்டுப்படுகிறார் என்பதை வைத்து, எதிலும் தட்டுப்படாதவர்களை மதிப்பிடும் முறையைக் கையாண்டபோது, 2015-இல் 11 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினருக்கு ஓபியாய்டு அடிமைநோய் என்று வந்தது.

இணைப்பது

மாசசூசெட்ஸ் எல்லாக் காப்பீடுகளின் கோரிக்கைகளும் சேர்ந்த கோப்பை முதுகெலும்பாக வைத்து, மற்றவற்றை அதனோடு கட்டியது. பொருத்த உதவுபவை: பெயர், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, கிடைத்தால் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம். முதல் சுற்றில் எல்லாம் அப்படியே பொருந்துபவை. அடுத்த சுற்றில் மதிப்பெண் போட்டுப் பொருத்துபவை. நடுவில் நிற்கும் இணைகளில் சில நூறை மனிதக் கண்ணால் பாருங்கள். வில்லியம் இன்னொரு கோப்பில் பில்லாக இருப்பார். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். இரட்டையர்கள் ஒருவராகிவிடுவார்கள். இரண்டு குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஹிஸ்பானிக் மக்களுக்கு ஒரு கோப்பில் ஒன்று, இன்னொன்றில் மற்றது என்று இருப்பதால் அவர்கள் அதிகம் தவறிப்போகிறார்கள். இணைப்பு விகிதத்தை இனவாரியாகப் பார்க்காமல் விட்டால், 'ஹிஸ்பானிக் மக்கள் சிகிச்சைக்கு வருவதில்லை' என்று இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பொருத்தி முடித்ததும் பெயரை நீக்கி, தற்செயல் எண் கொடுத்து, ஆய்வாளருக்கு அதை மட்டும் தாருங்கள்.

அடிமைநோய்ச் சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவ ரகசியத்தைவிடக் கடுமையான மத்திய விதி உண்டு: 42 சிஎஃப்ஆர் பகுதி 2. நோயாளி சம்மதமின்றிப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தருவதென்றால் அடையாளம் நீக்கித் தர வேண்டும். பெயரோடு இணைக்கும் வேலைக்குச் சட்ட ஆலோசகரை முதல் வாரத்திலேயே அழையுங்கள். கடைசியில் அழைத்தால் எல்லாம் நின்றுபோகும்.

இவ்வளவு பாடு எதற்கென்றால்: 2012 முதல் 2014 வரை மாசசூசெட்ஸில் அளவுமீறி உயிர் தப்பிய 17,568 பேரைப் பின்தொடர்ந்தபோது, அடுத்த 12 மாதத்தில் மருந்து பெற்றவர் பத்தில் மூன்று பேர்தான். மெதடோன் பெற்றவர்களிடையே ஓபியாய்டு மரணம் 59 விழுக்காடும், புப்ரெனார்ஃபின் பெற்றவர்களிடையே 38 விழுக்காடும் குறைந்திருந்தது. இறப்புக் கோப்பையோ சிகிச்சைக் கோப்பையோ தனியே எத்தனை முறை புரட்டினாலும் இது கிடைக்காது.

வெளியிடும்போது

சிடிசியின் பொதுத் தளம் 1 முதல் 9 வரையான மரண எண்ணை மறைக்கிறது. 20-க்குக் கீழே இருந்தால் விகிதம் நம்பத்தக்கதல்ல என்று குறிக்கிறது. மாசசூசெட்ஸின் 351 ஊர்களில் பல சிற்றூர்கள். ஓர் ஊரை மறைத்தால், மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னோர் ஊரையும் மறையுங்கள். மாநில மொத்தத்தோடு நிறுத்தாதீர்கள். 2022-இல் அங்கே மொத்தம் 2.5 விழுக்காடுதான் ஏறியது என்று 2023 ஜூன் அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில் கறுப்பின மக்களின் மரண விகிதம் 42 விழுக்காடு ஏறியிருந்தது.

இணைத்த கோப்பில் முதலில் ஓட்ட வேண்டிய கேள்வி ஒன்று. இந்த ஆண்டு இறந்த ஒவ்வொருவருக்கும் பின்னோக்கி 12 மாதம் பாருங்கள்: அவசரப் பிரிவுக்கு அளவுமீறி வந்தாரா, போதைநீக்கத்திலிருந்து வெளியேறி 30 நாளுக்குள் இறந்தாரா, சிறையிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள்ளா, புப்ரெனார்ஃபின் நின்ற எத்தனையாம் நாளில்? ஒவ்வொரு வரிசையிலும் விழும் எண்ணை, அந்த வாசலில் நிற்கும் அலுவலகத்துக்கே அனுப்புங்கள்: சிறைத்துறைக்கு அவர்கள் எண், மருத்துவமனைக்கு அவர்கள் எண். எந்த வரிசையிலும் விழாதவர்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்குச் சம்பவ இட அறிக்கையை எடுத்து, தனியாக இருந்தாரா, பக்கத்தில் நலாக்சோன் இருந்ததா, எந்த வட்டாரம் என்று குறியுங்கள். நலாக்சோன் பொட்டலங்கள் அடுத்த மாதம் எந்த வட்டாரத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.