கொழும்பில் கிரெடிட் கார்டு: பாயின்ட்டைவிடத் தள்ளுபடிதான் பெரிது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வருகிறவர்கள் வீடு கேட்பார்கள், பள்ளிக்கூடம் கேட்பார்கள், நல்ல சாம்பார் பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். கார்டு பற்றி யாரும் கேட்பதில்லை. ஊரில் வாங்கிய கார்டையே இங்கேயும் தேய்த்துக்கொண்டு நாலைந்து மாதம் ஓட்டிவிடுகிறார்கள். முதல் நஷ்டம் அதில்தான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கட்டணம் உண்டு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். திரும்பி வருகிற ரிவார்டோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம். அவசரத்துக்குப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் மெஷின் இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா என்று கேட்டால் இலங்கை ரூபாயை அழுத்துங்கள். இந்திய ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை மெஷின் தரப்பே தீர்மானிக்கும், அது நமக்குச் சாதகமாக இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து இங்கே யுபிஐயும் வேலை செய்கிறது. லங்கா கியூஆர் என்கிற இலங்கையின் பொது கியூஆர் குறியீடு உள்ள கடையில் சின்னச் செலவுக்கு வசதி. ஆனால் இங்குள்ள வங்கிகள் தங்கள் கார்டுக்குத் தருகிற தள்ளுபடி அதற்கு வராது.

ஆகவே சம்பளக் கணக்கு தொடங்கியதும் இங்கே ஒரு கார்டுக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் உங்கள் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே யாரும் பார்ப்பதில்லை. இங்கே உள்ளது கிரிப் என்கிற கடன் தகவல் பணியகம், அதில் உங்கள் பெயருக்கு இன்னும் ஒன்றும் இருக்காது. வங்கி தயங்கினால் நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்து கார்டு கேட்டுப் பாருங்கள். நம்மூர் பிக்சட் டெபாசிட்டுக்கு இங்கே அதுதான் பெயர்.

இனி முக்கியமான விஷயம். இங்கே லாபம் பாயின்ட்டில் இல்லை, கிழமையில் இருக்கிறது. ஒவ்வொரு வங்கிக்கும் ஏதோ ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஏதோ ஒரு நாள் காய்கறி, பழம், மீனுக்கு 20, 25 சதவீதம் என்று தள்ளுபடி இருக்கும். ஆனால் அதில் நிபந்தனைகள் உண்டு. முதல் தடவை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கூடை நிறைய வாங்கிக் கார்டை நீட்டினேன், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கூடையில் பாதிக்கு மேல் அரிசி, பால்மா, சோப்பு. தள்ளுபடிக்குரிய காய்கறியோ குறைந்தபட்சத் தொகைக்கு 140 ரூபாய் குறைவு. கேஷியர் பெண் பில்லை நிறுத்திவிட்டு, "அண்ணா, ஒரு பப்பாசிப்பழம் எடுத்துக்கொண்டு வாங்கோ, ஓஃபர் விழும்" என்றார். எடுத்து வந்தேன். பழத்தின் விலையைவிட அதிகமாகப் பில் குறைந்தது. அன்றிலிருந்து காய்கறி ஒரு பில், மளிகை ஒரு பில். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, தள்ளுபடியின் உச்சவரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் போனில் குறித்து வைத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 4,000 ரூபாய்க்குக் காய்கறியும் மீனும் வாங்கி 25 சதவீதம் கிடைத்தால் மாதம் 4,000 ரூபாய் மிச்சம். அதே செலவுக்கு எத்தனை பாயின்ட் வரும், 5,000 ரூபாய் வவுச்சருக்கு வங்கி எத்தனை பாயின்ட் கேட்கிறது என்று வகுத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கீல்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவர்கள் அவர்களுடைய நெக்ஸஸ் பாயின்ட் திட்ட எண்ணையும் சொல்லிவிடுங்கள், அது கடையின் தனிக் கணக்கு.

ஹோட்டலிலும் இதே கதைதான். மெனுவில் 10,000 ரூபாய் என்றால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 18 சதவீத வாட் சேர்ந்து 12,980 ஆகிவிடும். சாப்பாட்டு விலையிலேயே 20 சதவீதம் குறைத்தால் 10,384தான். உட்காரும் முன்பே கார்டைக் காட்டி, இன்றைக்கு உண்டா, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

இவ்வளவும் ஒரே மாதத்தில் கரைந்துபோகவும் வழி உண்டு. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கிரெடிட் கார்டு வட்டிக்கு வைத்த உச்சவரம்பே ஆண்டுக்கு 28 சதவீதம். அந்த விகிதத்தில் ஒரு லட்சம் பாக்கி வைத்தால் மாதம் சுமார் 2,300 ரூபாய் போகும். மினிமம் மட்டும் கட்டினால் புதிதாக வாங்குவதற்கும் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ், ஏசியை வட்டியில்லாத் தவணையில் எடுப்பதாக இருந்தால், "கையில் காசு கொடுத்தால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். சில கடைகளில் வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

நகை வாங்கச் செட்டியார் தெருவுக்குப் போனபோது ஒரு கடையில், கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட என்றார்கள். அப்படி வாங்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கியிடம் பில்லோடு முறையிடலாம். அந்த மூன்று சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் பாயின்ட் வந்ததே என்று மட்டும் சந்தோஷப்படாதீர்கள்.

சரி, சேருகிற பாயின்ட்டை என்ன செய்வது? சில கார்டுகளில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸுக்கு மாற்றலாம். சென்னை, திருச்சி, மதுரை மூன்றுக்கும் அந்த விமானம் உண்டு. ஆனால் மைல்ஸில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். குறுகிய பயணத்தில் வரியே பெரிய பங்கு, அதனால் ஊருக்குப் போக மைல்ஸைச் செலவழிப்பதை நான் விரும்புவதில்லை. தூரப் பயணத்துக்குச் சேர்த்து வையுங்கள், காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து கிளம்புகிற நேரம் வந்தால் பாயின்ட்டை வவுச்சராக்கிவிட்டுப் பிறகு கார்டை ரத்து செய்யுங்கள். ரத்தானால் பாயின்ட்டும் போகும். நிலையான வைப்பைப் பிணையாக வைத்தவர்கள் டிக்கெட் தேதிக்கு ஆறு வாரம் முன்பே வங்கிக்குப் போய்விடுங்கள். தாமதமாக வரும் பில்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அந்தப் பணத்தை விடுவிப்பார்கள்.