ஃப்ரீலான்ஸ் எடிட்டர் சொதப்பினால் என்ன செய்யலாம்?

வெளியூரில் இருக்கும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர்கள் உங்கள் ஊழியர்கள் இல்லை, அதனால் மெமோ, சஸ்பென்ஷன், விசாரணைக் கமிட்டி என்று ஆபீஸ் பாணியில் இறங்க வேண்டாம்; நடுவில் இருப்பது ஒப்பந்தம் மட்டும்தான், அதில் இல்லாத நடவடிக்கையைப் பாதி வழியில் கண்டுபிடித்தால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் ஆதாரம். கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரிந்துவிடும். எடிட்டர் ஒழுங்காகத் திருத்தியதன் மேல் வேறு யாராவது பழைய கோப்பை ஒட்டிக் கெடுத்திருக்கவும் கூடும். அதைப் பார்த்த பிறகு மெயில் போடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னாலும் வேண்டவே வேண்டாம். "நாலாவது அத்தியாயத்தில் ஒற்றுப்பிழைகள் அப்படியே இருக்கின்றன, அடிக்குறிப்பு எண்கள் மாறியிருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து தாருங்கள், உங்கள் தரப்பில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். 'தரம் சரியில்லை' என்று மொட்டையாக எழுதினால் அவர் எதைத் திருத்துவார்?

அப்புறம் பணம். முடித்த வேலைக்கான தொகையைப் பிடித்து வைப்பது தண்டனை இல்லை, வம்பு. தாமதத்துக்கு இவ்வளவு கழிப்போம் என்று எழுதி வாங்கியிருந்தாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அவர் உத்யமில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிந்திருந்தால், ஒப்பந்தத்தில் எழுதிய தேதியை, அது எதுவானாலும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாளை, தாண்டும்போது கூட்டு வட்டி வேறு சேரும்.

பிரிவது என்று முடிவானால் நோட்டீஸ் காலம், பாக்கித் தொகை, கோப்புகளுக்கான அனுமதி நிற்கும் தேதி எல்லாம் ஒரே மெயிலில் போகட்டும். சத்தமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மகா அற்பத்தனம். அரைகுறையாக நிற்கும் கோப்புகளை வாங்கிக்கொண்டு, அப்புறம் அனுமதியை எடுங்கள்.