வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

வட்டி குறைவு என்று போன் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பாக்கி 30 லட்சம், தவணை இன்னும் 15 வருடம் என்று வையுங்கள். வட்டி 9.25-லிருந்து 8.5 சதவீதமானால் மாதம் சுமார் 1,330 ரூபாய் மிச்சம். பிராசஸிங் கட்டணம், வக்கீல் பார்வை, அடமானப் பதிவு, பழைய வங்கியின் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் எல்லாம் சேர்ந்து 40,000 ஆனால், அதை எடுக்கவே 30 மாதம் ஆகும். அதற்குள் வீட்டை விற்கும் எண்ணமிருந்தால் மாற்றவே வேண்டாம்.

முதலில் இப்போதைய வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பல நேரம் சிறு கட்டணத்தோடு வேலை முடிந்துவிடும்.

தனிநபரின் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் அபராதம் கிடையாது. ரிசர்வ் வங்கி விதி. டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) வாங்கிக் கல்யாணத்துக்குச் செலவழித்தால், அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது.